கேட்கும் முகம்

இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கொரியத் தொடர். பெயர் ‘மை மிஸ்டர்’. தென்கொரியாவின் டிவிஎன் கேபிள் சேனலில் 2018 மார்ச் 21 தொடங்கி மே 17 வரை, புதன், வியாழன் இரவுகளில், 16 எபிசோடுகளாக ஒளிபரப்பானது. இயக்கியவர் கிம் வோன்-சொக். எழுதியவர் பார்க் ஹே-யங். கொரியத் தொடர் என்றாலே பணக்கார வீட்டுப் பையன், ஏழைப் பெண், முதல் பனி, ஒரே குடைக்குள் இருவர் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இதில் தீனி குறைவு. ஆணுக்கு வயது 45. கட்டடங்களின் உறுதியைச் சோதித்துச் சொல்லும் பொறியாளர்; களைத்த முகத்தோடு ரயிலேறி வீடு திரும்புகிறவர். பெண்ணுக்கு 21. அதே ஆபீசில் தற்காலிக ஊழியர். மாலையானால் ஓட்டலில் எச்சில் தட்டு கழுவுகிறாள். 16 எபிசோடு முடிந்த பிறகும் இவர்கள் காதலர்கள் ஆவதில்லை.

ஆனாலும் பார்த்தார்கள். முதல் எபிசோடில் 4 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்த பார்வையாளர் அளவு, கடைசி எபிசோடில் 7 சதவீதத்தைத் தாண்டியது. கேபிள் சேனலுக்கு அது நல்ல கணக்கு. 2019இல் பேக்சாங் கலை விருதுகளில் சிறந்த தொடர், சிறந்த திரைக்கதை இரண்டும் இதற்குக் கிடைத்தன. கோவிட் முடக்கத்தின்போது நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகம் முழுக்க இன்னொரு சுற்று வந்தது. எழுத்தாளர் பாவ்லோ கொய்லோ 2020இல் இதைப் பார்த்துவிட்டு வாயாரப் புகழ்ந்தார்.

கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். பார்க் டோங்ஹூன் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்புச் சோதனைப் பிரிவின் பொறுப்பாளர். கல்லூரியில் அவருக்கு ஜூனியராக இருந்த டோ ஜுன்யங் இன்று அதே நிறுவனத்தின் தலைமை அதிகாரி. போதாததற்கு டோங்ஹூனின் மனைவி யுன்ஹீயோடு அவனுக்கு ரகசிய உறவு. ஒரு நாள் 5 கோடி வோன் மதிப்புள்ள பரிசுக் கூப்பன்கள் ஆள் மாறி டோங்ஹூன் மேசைக்கு வந்து சேர்கின்றன. அதை லீ ஜியான் என்கிற தற்காலிக ஊழியர் திருடிவிடுகிறாள். ஜியானுக்குக் காது கேளாத, வாய் பேசாத, படுக்கையில் கிடக்கும் பாட்டி. தலைக்கு மேல் கடன். அந்தக் கடனைச் சாக்காக வைத்து அவளை அடித்துத் துவைக்கும் குவாங்இல் என்ற வட்டிக்காரன். ஜுன்யங்கின் கள்ளத்தொடர்பைக் கண்டுபிடித்துவிட்ட ஜியான் அவனிடம் போய் பேரம் பேசுகிறாள்: உனக்கு வேண்டாத இரண்டு பேரைக் கம்பெனியை விட்டுத் துரத்துகிறேன், தலைக்கு 1 கோடி வோன் கொடு. அந்த இருவரில் ஒருவர் டோங்ஹூன். அவர் போனில் ஒட்டுக்கேட்கும் செயலி ஒன்றை ஏற்றிவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறாள்.

நடிப்பைப் பற்றிப் பேச வேண்டியது இங்கிருந்துதான். இந்த ஒரு ஏற்பாட்டினால், கதாநாயகியின் வேலையில் பெரும்பகுதி ‘கேட்பது’ என்று ஆகிவிடுகிறது. எதிரே நடிகர் இல்லை. பதில் வசனம் இல்லை. ரயிலில் நின்றபடி, தட்டு கழுவியபடி, இருட்டறையில் படுத்தபடி, ஒரு மனிதனின் பேச்சையும் பெருமூச்சையும் செருப்புச் சத்தத்தையும் அவள் கேட்கிறாள். நாம் அவள் கேட்பதைப் பார்க்கிறோம். நடிகர்கள் பலருக்கு வசனம் பேச வரும். அடுத்தவர் பேசும்போது முகத்தை என்ன செய்வது என்றுதான் தெரியாது. தன் வரி எப்போது வரும் என்று காத்திருக்கிற முகம் கேமராவில் அப்படியே விழுந்துவிடும். இங்கே காத்திருக்க வரியே கிடையாது.

ஜியானாக நடித்தவர் லீ ஜி-உன். ஐயு என்ற பெயரில் 2008இலேயே பாடகியாக அறிமுகமாகி, சீக்கிரமே கொரியாவின் செல்லப் பாடகியாகிவிட்டவர். ‘ட்ரீம் ஹை’ (2011), ‘தி ப்ரொட்யூசர்ஸ்’ (2015) என்று தொடர்களில் நடித்துக்கொண்டுதான் இருந்தார். 2016இல் வந்த ‘மூன் லவர்ஸ்’ தொடரின்போது அவருடைய நடிப்பைக் கொரிய ரசிகர்களே காய்ச்சி எடுத்தார்கள். பாடகிக்கு எதற்கு இந்த வேலை என்ற கேள்வி எல்லா ஊரிலும் கேட்கப்படுவதுதானே! இரண்டு வருடம் கழித்து ஜியானாக வந்தபோது, பாடகிக்குச் சொத்தாக இருந்த அத்தனையையும் அவர் கழற்றி வைத்துவிட்டார். சிரிப்பு இல்லை. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கேட்ட கேள்விக்கு இரண்டு சொல்லில் பதில், அதுவும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல். கடும் குளிரில் மெல்லிய கோட்டு, சாக்ஸ் இல்லாத கணுக்கால். அந்தக் கணுக்காலை முதல் எபிசோடிலேயே டோங்ஹூன் கவனித்துவிடுகிறார் என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அவள் அவரைக் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே அவர் அவளைப் பார்த்திருக்கிறார்.

ஒரு சிறிய காட்சி. இரவு வேலை முடிந்து ஜியான் தன் ஒற்றை அறைக்கு வருகிறாள். ஓட்டலில் வாடிக்கையாளர்கள் மிச்சம் வைத்ததைப் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்திருக்கிறாள். ஆபீசிலிருந்து கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்த இன்ஸ்டன்ட் காபி பாக்கெட்டுகளில் இரண்டை ஒன்றாகக் கிழித்து ஒரே கோப்பையில் கொட்டுகிறாள். சுடுநீர் ஊற்றிக் குடிக்கிறாள். அவ்வளவுதான். சர்க்கரையும் பால்பவுடரும் கலந்த அந்தக் காபியே அவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பாதி. இதே காட்சியைச் சராசரித் தொடரில் எப்படி எடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: கண்ணோரம் ஒரு துளி, பின்னணியில் வயலின், கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்ட ஒரு குளோசப். ஐயு அதையெல்லாம் தொடவில்லை. சாப்பாட்டை வேலையாகச் செய்கிறவளைப் போல மென்று விழுங்குகிறார். பாக்கெட்டைக் கிழிக்கும் கையில் பழக்கத்தின் வேகம் இருக்கிறது. எத்தனை வருடம் இப்படிக் குடித்திருப்பாள் என்பதை அந்த வேகம் சொல்லிவிடுகிறது.

இப்படி இறுகிக் கிடக்கும் ஒருத்தி எப்படி மாறுகிறாள்? பாத்திர வளர்ச்சி என்றால் திடீரென்று ஒரு பெரிய சம்பவம், அதற்குப் பிறகு புது மனுஷி என்று எழுதிவிடுவது சுலபம். பார்க் ஹே-யங் அந்த வழிக்குப் போகவில்லை. ஜியானின் மாற்றம் அவள் கேட்கும் விதத்திலேயே நடக்கிறது. முதலில் அவள் கேட்பது வேட்டைக்காகத்தான். இந்த ஆளிடம் என்ன ஓட்டை, எதை வைத்து மாட்டிவிடலாம் என்று. அந்த நாட்களில் அவளுடைய கண் வேறு வேலையில் இருக்கும்; காது மட்டும் விழித்திருக்கும். பிறகு சுவாரசியம் வருகிறது. டோங்ஹூனும் அவருடைய அண்ணனும் தம்பியும் ஜங்ஹீ என்ற பெண்ணின் மதுக்கடையில் உட்கார்ந்து அர்த்தமில்லாமல் வளவளப்பதைக்கூட விடாமல் கேட்கிறாள். அதற்கும் பிறகு, அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்கு இரவு கழிவதில்லை. இந்த மூன்று நிலைக்கும் இடையில் எங்கே கோடு விழுந்தது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

மறுமுனையில் இருக்கும் குரல் லீ சன்-கியூனுடையது. கொரியாவில் அந்தக் குரலுக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. அடியாழத்திலிருந்து வருகிற கனத்த குரல். 2007இல் ‘காஃபி பிரின்ஸ்’ தொடரில் அந்தக் குரல் இசையமைப்பாளர் ஒருவருக்காகக் குழைந்தது. 2010இல் ‘பாஸ்தா’வில் சமையலறையே அதிரக் கத்துகிற தலைமைச் சமையற்காரர். இயக்குநர் ஹாங் சாங்-சூ படங்களில் சோஜு குடித்துவிட்டு உளறும் சினிமாக்காரர். ‘மை மிஸ்டர்’ முடிந்த மறுவருடம் வெளிவந்த ‘பாரசைட்’ படத்தில், டிரைவரின் வாடையைக் குறை சொல்லும் பணக்கார வீட்டுத் தலைவர். டோங்ஹூனுக்காக அவர் செய்தது குரலைத் தாழ்த்தியதுதான். பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஒரு மூச்சு, முடித்த பிறகு ஒரு மூச்சு. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுகிறார். போன் வழியாக மட்டும் அவரைத் தெரிந்துகொள்ளும் ஒருத்திக்கு, அவர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்பது இந்த மூச்சுகளிலிருந்தே புரிந்துவிடும். அதனால்தான் இந்தத் தொடரை டப்பிங்கில் பார்ப்பவர்களைக் கண்டால் பரிதாபமாக இருக்கிறது. படத்தை வைத்துக்கொண்டு நடிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பார்க்கிறார்கள்.

டோங்ஹூனுக்கு ஒரு கொள்கை இருக்கிறது. யாருக்கும் தெரியாவிட்டால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். இந்தக் கொள்கையோடுதான் அவர் மனைவியின் துரோகத்தையும் ஜூனியரின் ஏளனத்தையும் விழுங்கிக்கொண்டு வருகிறார். ஆயுள் தண்டனையை ஒழுங்காக அனுபவிக்கும் கைதி மாதிரி இருக்கிறது உங்கள் முகம் என்று ஜியானே ஒரு இடத்தில் அவரிடம் சொல்கிறாள். எழுத்தாளரின் குறும்பு எங்கே என்றால், யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒருத்திக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காட்சி உண்டு. அண்ணன் சாங்ஹூன் வேலை போய், கடனாளியாகி, மனைவியைப் பிரிந்தவர். தம்பி கீஹூனோடு சேர்ந்து கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கும் தொழில் தொடங்குகிறார். ஒரு நாள் அழுக்குத் தண்ணீர் தெறித்துவிட்டது என்பதற்காகக் கட்டட உரிமையாளர் அவரை மண்டியிட வைக்கிறான். மகன்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்த வயதான தாய் இதைப் படிக்கட்டிலிருந்து பார்த்துவிடுகிறார். சத்தமே இல்லாமல் திரும்பிப் போய்விடுகிறார். கோ டு-ஷிம் என்ற மூத்த நடிகை நடித்த அந்தச் சில நொடிகளில் ஒரு வசனமும் இல்லை. தாங்கிப் பிடித்த சாப்பாட்டோடு திரும்புகிற முதுகு மட்டும்தான். விஷயம் தெரிந்ததும் டோங்ஹூன் ஒரு கையில் பழக்கூடையும் மறு கையில் சுத்தியலுமாக அந்த உரிமையாளனைப் பார்க்கப் போகிறார். கட்டடத்தின் குறைகளை ஒரு பொறியாளராகப் பட்டியல் போட்டுச் சொல்லியபடியே சுவரில் சுத்தியலால் அடிக்கிறார். அவர் சொல்வதன் சாரம்: ஒரு மனிதனை எப்படி வேண்டுமானாலும் அவமானப்படுத்தலாம், வீட்டார் பார்க்க மட்டும் அதைச் செய்யக் கூடாது. லீ சன்-கியூன் இதை உறுமலாகச் சொல்வதில்லை. குரல் நடுங்குகிறது. சண்டை போட்டுப் பழக்கமில்லாதவர் போடும் சண்டை அது.

இதையும் ஜியான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்போது அவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் நமக்குத் தெரியாத ஒரு கணக்கு அவளுக்குள் ஓடுகிறது. சிறுமியாக இருந்தபோது, கண் முன்னால் பாட்டியைப் போட்டு அடித்த வட்டிக்காரனைக் கத்தியால் குத்திக் கொன்றவள் அவள். தற்காப்பு என்று நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் உலகம் விடுவிக்கவில்லை. கொல்லப்பட்டவனின் மகன்தான் குவாங்இல்.

தொடர் பாதியைத் தாண்டும் இடத்தில் இந்த இரண்டு இழைகளும் முட்டிக்கொள்கின்றன. ஜியானை ஒருவன் அடிக்கிறான் என்று தெரிந்ததும் டோங்ஹூன் குவாங்இல்லைத் தேடிப் போகிறார். கடன் எவ்வளவு, நான் கொடுக்கிறேன், ஒரு சின்னப் பெண்ணை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். கைகலப்பு. இரண்டு பேரும் மூச்சு வாங்க உருண்டுகொண்டிருக்கும்போது குவாங்இல் கத்துகிறான்: அவள் என் அப்பாவைக் கொன்றவள்! ஜியான் அப்போது இயர்போனோடு தெருவில் ஓடி வந்துகொண்டிருக்கிறாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நின்றுவிடுகிறாள். இதற்கு முன்னும் இது நடந்திருக்கிறது. உண்மை தெரிந்த அத்தனை பேரும் ஓடிப் போயிருக்கிறார்கள். இவரும் போய்விடுவார் என்று அவள் காத்திருக்கிறாள். அந்தப் பக்கம் சில நொடி அமைதி. பிறகு டோங்ஹூனின் குரல் வெடிக்கிறது: நானாக இருந்தாலும் கொன்றிருப்பேன், என் வீட்டு ஆளை அடிக்கிற எவனையும் கொல்லுவேன்.

ஜியான் நடுத்தெருவில் குத்த வைத்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுகிறாள். அதுவரை எட்டு எபிசோடுகளுக்கு மேல் ஐயு சேமித்து வைத்த அமைதி முழுவதும் இந்த ஒரு அழுகையில் செலவாகிறது. அழகாக அழவில்லை. மூக்கு ஒழுக, தொண்டை கிழிய, ஒரு குழந்தை அடம் பிடித்து அழுவதைப் போல அழுகிறாள். அந்த நேரத்தில் அவளைத் தேற்ற அங்கே யாரும் இல்லை. தன் வார்த்தை அவளை என்ன செய்தது என்பது அதைச் சொன்னவருக்கே தெரியாது. இரு நடிகர்களும் ஒரே ஃபிரேமில் இல்லாமலேயே தொடரின் உச்சக்காட்சி முடிந்துவிடுகிறது. இதை எழுதத் துணிந்தவருக்கும், எடுத்தவருக்கும், அழுதவருக்கும் சேர்த்துக் கை தட்டலாம்.

டோங்ஹூன் செய்யும் உதவிகள் எப்படிப்பட்டவை என்பதையும் கவனிக்க வேண்டும். நம் சினிமா நாயகர்கள் போலக் கட்டுக் கட்டாகப் பணம் எடுத்து நீட்டுவதில்லை. முகவரிப் பதிவைப் பிரித்துக்கொண்டால் கவனிக்க ஆளில்லாத முதியவர் என்ற கணக்கில் பாட்டியைச் செலவில்லாமல் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்று ஒரு தகவலைச் சொல்கிறார். இதைச் சொல்ல உனக்கு யாருமே இல்லையா என்று கேட்கிறார். ஏழ்மை என்பது பணம் இல்லாதது மட்டுமில்லாமல் சொல்ல ஆள் இல்லாததும்தான் என்று தொடர் காட்டுகிறது, ஆனால் யார் வாயாலும் அதைச் சொல்ல வைப்பதில்லை. இன்னொரு இரவு, நிலாவைப் பார்க்க ஆசைப்பட்ட பாட்டியைக் கடைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து ஜியான் தள்ளிக்கொண்டு போகிறாள். வழியில் எதிர்ப்பட்ட டோங்ஹூன் பாட்டியை முதுகில் சுமந்து வீட்டில் விட்டுவிட்டு, நல்ல பெண் நீ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஐயுவின் முகம் அந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறது. பாட்டியாக நடித்த சோன் சூக்கோடு அவர் பேசுவதெல்லாம் சைகை மொழியில். வெளியுலகத்துக்கு முன்னால் மரத்துப்போன அந்த உடம்பு, பாட்டிக்கு முன்னால் மட்டும் விரல் விரலாக உயிர் பெறுகிறது.

குவாங்இல்லாக நடித்தவர் ஜாங் கி-யோங், மாடலாக இருந்து நடிக்க வந்தவர். முதல் எபிசோடில் அவர் ஜியானை அடிக்கும் காட்சி ஒளிபரப்பானதும் கடும் கண்டனம் எழுந்தது. நியாயமான கண்டனம், அந்தக் காட்சியை அவ்வளவு நீளமாக வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இந்தப் பாத்திரத்துக்கும் ஒரு காது கொடுக்கப்படுகிறது. கடைசியில் ஒட்டுக்கேட்ட பதிவுகள் அவன் கைக்கு வருகின்றன. அவற்றில் ஜியான் அவனைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிறான். ஒரு காலத்தில் அவன் நல்லவனாக இருந்தான், தன் அப்பாவிடமிருந்து என்னைக் காப்பாற்றப் போய் அடி வாங்கினான் என்கிறாள். பயன்படுத்தினால் எதிரிகளை நொறுக்கக்கூடிய ஆதாரம் அது. அவன் அதை டோங்ஹூன் தரப்புக்கே அனுப்பி வைத்துவிடுகிறான். திருந்திவிட்டேன் என்று எங்கேயும் சொல்வதில்லை. இயர்போன் மாட்டிய அந்த முரட்டு முகத்தைக் கொஞ்ச நேரம் காட்டுகிறார்கள், அதோடு சரி.

தொடருக்குள்ளேயே நடிப்பைப் பற்றிய ஒரு கிளைக்கதையும் இருக்கிறது. தம்பி கீஹூன் ஒரு காலத்தில் படம் இயக்கப் போனவர். படப்பிடிப்பில் யூரா என்ற நடிகையை ஓயாமல் திட்டித் திட்டி, அவளால் கேமரா முன்னால் நிற்கவே முடியாதபடி செய்துவிட்டார். இன்று அவர் துடைப்பத்தோடு நிற்பதைப் பார்த்து யூரா சந்தோஷப்படுகிறாள். அவர் விழுந்தது தெரிந்ததும் தனக்கு மூச்சு விட முடிகிறது என்கிறாள். பிறகுதான் கீஹூன் ஒப்புக்கொள்கிறார்: அவள் நடிப்பில் குறையே இல்லை, படம் தேறாது என்று தனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, பழியைப் போட ஒரு ஆள் தேவைப்பட்டது. கீஹூனாக நடித்த சோங் செ-பியோக் இந்த ஒப்புதலை எரிச்சலோடு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்கிறார். யூராவாக வந்த க்வோன் நாராவும் பாட்டுக் குழுவிலிருந்து நடிக்க வந்தவர்தான்.

மதுக்கடை நடத்தும் ஜங்ஹீயை விட்டுவிட்டுப் போக முடியாது. அவள் காதலித்தவன் சொல்லாமல் கொள்ளாமல் துறவியாகிவிட்டான். இருபது வருடமாக அந்தக் காயத்தோடு சிரித்துப் பேசி வியாபாரம் செய்கிறாள். கடையை மூடியதும் மற்றவர்களோடு தானும் வீட்டுக்குக் கிளம்புவதைப் போல நடந்து போவாள். எல்லோரும் பிரிந்து போன பிறகு ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே கடைக்குத் திரும்பி வருவாள். அவளுடைய வீடே அதுதான். வேலை முடிந்து வீடு திரும்புகிறவளாக இருக்க அவளுக்கு ஆசை, அதனால் தினமும் தனக்குத்தானே நடித்துக்கொள்கிறாள். ஜங்ஹீயாக வந்த ஓ நா-ரா இதில் செய்திருப்பது இரண்டு அடுக்கு நடிப்பு. கடைக்குள் உரக்கச் சிரிக்கும்போதும், தெருவில் தனியாக வரும்போதும் அவருடைய நடையின் வேகமே வேறு. அந்தத் துறவியாக வந்தவர் பார்க் ஹே-ஜுன். பெயரை நினைவில் வையுங்கள், பேச்சின் முடிவில் மறுபடி வருவார்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கம்பெனிக்குள் நடக்கும் பதவிச் சண்டை, யார் எந்த அணி, எத்தனை வாக்கு என்ற கணக்கெல்லாம் பல இடங்களில் இழுவை. ஜுன்யங்காக நடித்த கிம் யங்-மின் திறமையான நடிகர்; ஆனால் பாத்திரத்துக்கு உள்ளே போக அவருக்குக் கதவே திறந்துவிடப்படவில்லை. இன்னும் பெரிய குறை யுன்ஹீ. வழக்கறிஞரான அவள் ஏன் இந்தத் திருமணத்தில் தனியாகிப் போனாள்? கணவன் எப்போதும் அண்ணன் தம்பியோடும் அந்தத் தெருவோடும் கிடந்தான் என்பது பதிலில் ஒரு பகுதி. அதைச் சொல்ல அவளுக்குச் சில வாக்கியங்கள் கிடைக்கின்றன, அவ்வளவுதான். உண்மை வெளியே வந்த இரவில் டோங்ஹூன் அவளிடம் உடைந்துபோய்க் கேட்கிறார். அந்த ஆளோடு போன கணத்திலேயே நீ எனக்குச் சாவுத் தீர்ப்பு எழுதிவிட்டாய் என்கிற பொருளில் கதறுகிறார். லீ சன்-கியூனின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. எதிரே யுன்ஹீயாக நிற்கும் லீ ஜி-ஆவுக்கு அழுவதைத் தவிர வேலை இல்லை. எல்லோருக்கும் ஒரு காது கிடைத்த இந்தத் தொடரில், யுன்ஹீ பேசியதைக் குற்றவாளியின் வாக்குமூலமாகத்தான் எல்லோரும் கேட்டார்கள். அதனால்தான் அந்தப் பாத்திரம் கடைசிவரை இருந்த இடத்திலேயே நிற்கிறது.

வயது வித்தியாசத்தைப் பற்றிய சர்ச்சை ஒளிபரப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. கொரியாவில் மீ டூ குரல்கள் உயர்ந்திருந்த மாதங்கள் அவை. நடுவயது ஆண், இளம்பெண் என்ற இணை பலரை முகம் சுளிக்க வைத்தது. தொடர் இதற்கு வசனத்தில் பதில் சொல்லவில்லை, உடல்மொழியில் சொன்னது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் காட்சிகளில் இடைவெளியைப் பாருங்கள். டோங்ஹூன் பெரும்பாலும் அரை அடி முன்னால் போகிறார், திரும்பிப் பார்ப்பது குறைவு.

டோங்ஹூனின் பதவி உயர்வுக்கான விசாரணையில் ஜியானை அழைத்து அதிகாரிகள் கேள்வி கேட்கும் இடம் இன்னொரு உதாரணம். அவரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதே நேரம் தப்பான உறவு என்ற சந்தேகத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது. ஐயு அந்தப் பதிலை அதே தட்டையான குரலில் சொல்கிறார். ஒரு மனிதராக மதிக்கப்பட்டது இங்கேதான் என்ற பொருள்படச் சொல்லும்போதும் கண் கலங்குவதில்லை. முதல் எபிசோடில் இந்தத் தட்டைக் குரல் பூட்டிய கதவாக இருந்தது. இங்கே அதே குரல் கண்ணியமாகக் கேட்கிறது.

ஒட்டுக்கேட்கும் விஷயம் டோங்ஹூனுக்குத் தெரியவரும் இடம் பார்க் ஹே-யங்கின் எழுத்தில் நுட்பமான ஒன்று. கோபத்தில் போனை உடைப்பார் என்றுதான் எதிர்பார்ப்போம். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பாள் என்ற நம்பிக்கையில், ஜியான், எனக்குப் போன் பண்ணு என்று மெல்லச் சொல்கிறார். அதுவரை தன்னை யாரோ கேட்கிறார்கள் என்று தெரியாமல் பேசிய மனிதர், முதன்முறையாகத் தெரிந்தே பேசுகிறார். லீ சன்-கியூனின் குரலில் அந்த வித்தியாசம் கேட்கிறது. பிறகு அவளை நேரில் கண்டுபிடிக்கும்போது அவர் முதலில் கேட்பது கணக்கு இல்லை, நன்றி சொல்கிறார். யாருக்கும் தெரியாவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று வாழ்ந்தவர், எல்லாம் தெரிந்த ஒருத்தியின் முன்னால் நின்று, நான் இனி நன்றாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார்.

கடைசி எபிசோடில் பாட்டி இறந்துபோகிறார். ஜியானுக்கு யாருமில்லை என்பதால் அண்ணன் சாங்ஹூன் தான் ஒளித்து வைத்திருந்த பணத்தை எடுத்து மலர்வளையங்கள் வரவழைத்து, தெருக்காரர்களை எல்லாம் திரட்டி, சாவு வீட்டை நிறைக்கிறார். சாங்ஹூனாக நடித்த பார்க் ஹோ-சான் அதுவரை கோமாளியாகவே தெரிந்தார். பணத்தை எடுக்கும் நேரத்தில் அவர் முகத்தில் வரும் பெருமிதத்தைப் பாருங்கள், மண்டியிட்ட நாளுக்குப் பிறகு இந்த மனிதர் முதன்முறையாக நிமிர்கிறார்.

இதற்கெல்லாம் பிறகு டோங்ஹூன் தனியாக வீட்டில் இருக்கிறார். மனைவி, மகன் இருக்கும் அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். ஜியான் ஊரை விட்டுப் போய்விட்டாள். எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்ட ஒரு நாளில், காரணமே இல்லாமல் அவருக்கு அழுகை வருகிறது. வாயைப் பொத்தி அடக்கப் பார்த்து, முடியாமல் குலுங்குகிறார். இந்த அழுகையைக் கேட்க இப்போது மறுமுனையில் யாரும் இல்லை. லீ சன்-கியூன் 2023 டிசம்பர் 27 அன்று, 48 வயதில் காலமானார். அதற்குப் பிறகு இந்தக் காட்சியைப் பார்ப்பது கடினமாகிவிட்டது என்று பல ரசிகர்கள் எழுதினார்கள். அந்தத் துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நடிப்பாக மட்டும் ஒருமுறை பார்ப்பது அந்த நடிகருக்குச் செய்யும் மரியாதை.

இந்தத் தொடர் ஐயுவுக்குத் திறந்துவிட்ட வழி நீளமானது. ஜப்பானிய இயக்குநர் கொரே-எடா ஹிரோகாசு முடக்க காலத்தில் ‘மை மிஸ்டர்’ பார்த்து ஐயுவின் ரசிகராகி, தன் கொரியப் படமான ‘ப்ரோக்கர்’க்கு அவரை அழைத்தார். 2022இல் கான் விழாவில் அந்தப் படம் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. கிம் வோன்-சொக் மறுபடியும் ஐயுவை வைத்து எடுத்த, ஜேஜு தீவின் கதையான ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்’ தொடர் 2025 மார்ச்சில் வெளிவந்தது. அதில் ஐயு, இளவயதுத் தாயாகவும் அவளுக்குப் பிறந்து வளர்ந்த மகளாகவும் இரண்டு வேடம். தாயின் நடுவயதை நடித்தவர் மூன் சோ-ரி. கணவனின் நடுவயதை நடித்தவர், முன்பு சொன்ன பார்க் ஹே-ஜுன். ஒரே பாத்திரத்தை இரண்டு உடம்புகள் பாதிப் பாதியாகச் சுமக்கும்போது நடையும் சிரிப்பும் எப்படிக் கை மாறுகின்றன என்பது தனிப் பாடம். அதற்கு இன்னொரு மாலை வேண்டும்.